தரம் உயர்ந்த ஹெட்போன்

ஒயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹெட்போன் கேட்பவர்களால்தான் மனிதகுலம் முன்னேறாமல் கிடக்கிறது என்று அண்ணன் அறிவித்தான். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த தங்கையிடமிருந்து அதைப் பிடுங்கி, தடித்த புது ஒயரும் தங்கமுலாம் பூசிய பிளக்கும் ஈயம் உருக்கிப் பற்றவைத்தான். இரண்டு காதிலும் சத்தமே இல்லை.

"இன்டர்வியூக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இதைத் தொடச் சொல்லி உன்கிட்ட அழுதேனா?"

"தரத்தை உயர்த்தியிருக்கேன்."

"அந்த ஈயத்தை உன் வாயில வச்சிருந்தா குடும்பத்தோட தரமே உயர்ந்திருக்கும்."

லேப்டாப் ஸ்பீக்கரிலாவது கேட்கலாம் என்றால், அதைப் போன மாதமே அவன் மேம்படுத்தித் தொலைத்திருந்தான்.

திரையில் அதிகாரியின் வாய் மட்டும் அசைந்தது. தங்கை அண்ணனை முறைத்தாள். அவன் கேமராவுக்குத் தெரியாமல் மேசையோரம் குந்தி, பிளக் அருகே ஒயரை விரலால் அழுத்திப் பிடித்தான்.

"இப்ப கேக்குது சார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.