கடைசியில் கூப்பிடும் பிள்ளை

அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசி அக்கம்பக்கத்தார் கேட்டதில்லை. மாமனார் போட்ட சட்டம் அது. வீட்டின் முன்பாதியில் அவர் தொடங்கி நடத்திய மாண்டிசோரிப் பள்ளியிலும் அதே சட்டம்தான். ஆசிரியை எட்ட நின்று பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. அருகே போய் மண்டியிட்டு, அதன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துத்தான் பேச வேண்டும். புதிய வேலையைக் கற்பிக்கும்போது வாயைத் திறக்காமல் கையால் செய்து காட்ட வேண்டும். பாய் விரித்து உட்கார்ந்து வேலையில் மூழ்கிவிட்ட பிள்ளையை, பெற்றவளே ஆனாலும், கலைக்கக் கூடாது.

நல்ல சட்டங்கள்தான். அவற்றின் நிழலில் ஒரு பிள்ளையின் காது செத்துப்போனதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். யாரும் பார்க்கவில்லை என்பதும் சரியல்ல. ஒருத்தி பார்த்தாள்.

அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். ஆசிரியைப் பயிற்சி முடித்து, தலைப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து அந்த வகுப்பறையின் மூலைமுடுக்கெல்லாம் அவள் கைபட்டது. பிள்ளைகள் அடுக்கிப் பழகும் இளஞ்சிவப்புக் கோபுரத்தின் கட்டைகளைத் துடைத்து வைப்பதிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பழகும் கண்ணாடிக் குடுவைகளில் விரிசல் பார்ப்பது வரை அவள் பொறுப்பு. மாமனாருக்குப் பின் தலைமை நாற்காலி தனக்குத்தான் என்று அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவும் நினைக்கவில்லை. பிறகு சின்னவள் வந்தாள். அவளும் பயிற்சி பெற்றவள்தான், சிரித்த முகம், பெற்றோர்களிடம் நாலு வார்த்தை இனிக்கப் பேசத் தெரிந்தவள். அதையெல்லாம்கூடப் பெரியவள் பொறுத்துக்கொண்டாள். சின்னவளின் மகள் விஷயத்தில்தான் அவள் தோற்றாள்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் கண்டது. பிழைத்ததே பெரிய காரியம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "காதுக்கு ஒரு சோதனை இருக்கு, மறக்காம கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். மாமனார் வேண்டாம் என்றுவிட்டார். "நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் காதுல என்ன குறை? ஒண்ணுமில்லாததைக் கிளறி ஊர் வாயில விழணுமா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளை அடங்கிப்போனாள். வகுப்பில் பாயை விரித்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பக்கத்தில் ஒருவன் அழுவான், ஒருத்தி மணிகளைத் தரையெல்லாம் கொட்டுவாள், இவள் தலை நிமிராது. ஒருநாள் ஆயா தகர வாளியை வாசற்படியில் நழுவவிட்ட சத்தத்தில் வகுப்பே துள்ளி எழுந்தது. அவள் மட்டும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகையின் குழிகளில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா! தலையில குண்டு போட்டாலும் இந்தக் குட்டிச் சாமியார் திரும்ப மாட்டா போலிருக்கே!" என்றாள் ஆயா.

"அதுக்குப் பேர்தான் ஒருமுகம். காசு குடுத்தாலும் வராது" என்றார் மாமனார். அன்றிலிருந்து குட்டிச் சாமியார் என்ற பேரே நிலைத்துவிட்டது. பள்ளியில் சேர்க்க வருகிறவர்களையெல்லாம் சின்னவள் ஜன்னல் ஓரம் நிறுத்தி, "அதோ பாருங்க, எங்க பொண்ணு" என்று காட்டுவாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை. பெரியவள் கவனிப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதில் உட்கார்ந்தவர் பார்க்கலாம், பேசக் கூடாது. குட்டிச் சாமியார் அன்று ஓசைப் பெட்டிகளை எடுத்து வந்திருந்தாள். சிவப்பு மூடிப் பெட்டிகள் ஒரு பக்கம், நீல மூடிப் பெட்டிகள் ஒரு பக்கம். ஒன்றில் மணல், ஒன்றில் பயறு, ஒன்றில் கூழாங்கல். காதருகே குலுக்கிப் பார்த்து ஒரே ஓசை உள்ளவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். சரியா தப்பா என்று பிள்ளை தானே தெரிந்துகொள்ள அடியில் வண்ணப் பொட்டு இருக்கும். வேலை முடிந்த பிறகுதான் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

இவள் முதலிலேயே திருப்பினாள். பொட்டைப் பார்த்தாள், ஜோடி சேர்த்தாள். எல்லாம் முடிந்த பிறகு, மற்றப் பிள்ளைகள் செய்வதைப் போலவே ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, தலையைச் சாய்த்து, மிகுந்த மரியாதையோடு குலுக்கினாள்.

பெரியவள் நாற்காலியின் சட்டத்தை மறந்தாள். எழுந்து போய்ப் பிள்ளையின் பின்னால் நின்றாள். தண்ணீர் தளும்பிக் கை நனைய, கரண்டியால் குடுவையைத் தட்டினாள். கைதட்டினாள். பிறகு, அந்த வீட்டில் யாரும் யாரையும் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"ஏய், செவிடு."

பிள்ளை பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

முன்னால் வந்து மண்டியிட்டு, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டபோது, உதட்டையே பார்த்திருந்துவிட்டு, "வேணாம் பெரியம்மா" என்றாள் அவள், தெளிவாக.

சொல்லிவிடத்தான் பெரியவள் போனாள். அதையும் சொல்ல வேண்டும். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் நேரே சின்னவளைத் தேடித்தான் போனாள். சின்னவள் கூடத்தில் வக்கீல் வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். பெரியவளின் மகன் அந்த வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டாமல் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டவன் என்பது வக்கீலம்மாவுக்கும் தெரியும்.

"எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பொறுமை வந்துடுமா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"எப்படி வரும்? வளர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" சிரித்துக்கொண்டே சொன்ன சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, நீங்க இருக்கீங்களா! நான் பொதுவா சொன்னேன்க்கா, உங்களைச் சொல்லல. என்னக்கா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லம்மா. துடைக்கிற துணி எங்கேன்னு கேக்க வந்தேன்" என்றாள் பெரியவள்.

அந்த வாய் அன்று மூடியது. மறுநாள் திறந்திருக்கலாம், அதற்கடுத்த நாளும் திறந்திருக்கலாம். ஓரகத்திகளுக்குள் குத்தலும் புகைச்சலும் எந்த வீட்டில் இல்லை? அடுக்களைக்குள் பிறந்து அடுக்களைக்குள் சாகும். பிள்ளையைப் பணயம் வைக்கிற புகைச்சல் நல்ல குடும்பத்துக்கு அடுக்காது. குழந்தையின் பேச்சு மெல்ல மெல்ல மழுங்கியது. வார்த்தைகளின் ஓரம் தேய்ந்தது. "எவ்வளவு மெதுவா பேசுறா பாருங்க" என்று அதற்கும் பெருமைப்பட்டார்கள். ஒருநாள் அவள் பெரியவளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பெரியம்மா, காதுக்குள்ள குருவி கத்துது" என்றாள்.

"கத்தட்டும். நல்ல குருவிதான்" என்று சொல்லி, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள் பெரியவள். அவள் வேறொரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் அது. அன்று எல்லோர் முன்னிலும் தலைமையை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடப் போவதாக மாமனார் சொல்லியிருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. சின்னவளுக்குத்தான் என்று ஆயாவுக்கே தெரிந்ததைச் சொல்வானேன்?

பெற்றோர்கள் சுவரோரம் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தரையில் வரைந்த கோட்டின் மேல் நடந்து காட்டினார்கள். பொத்தான் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் மௌன விளையாட்டு. பிள்ளைகள் கண்ணை மூடி அசையாமல் தரையில் உட்கார வேண்டும். ஆசிரியை அவர்களுக்குப் பின்னால், அடுத்த அறையின் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக மெல்ல, காற்றைப் போலச் சொல்வாள். தன் பெயரைக் கேட்ட பிள்ளை எழுந்து, நுனிக்காலில் சத்தமில்லாமல் நடந்து அவளிடம் போகும். வழக்கமாகச் சின்னவள்தான் கூப்பிடுவாள். சொந்த மகளுக்கு முன்னுரிமை கொடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மகளை எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவாள். கடைசிவரை அசையாமல் இருந்ததற்காகவே பிள்ளைக்குப் பாராட்டு. எல்லோரும் எழுந்து போவதைக் கண்ணிடுக்கில் பார்த்து, தரையில் காலடி அதிர்வதைத் தொடையில் உணர்ந்து, தான் மட்டும் மிச்சம் என்று தெரிந்த பிறகு அவள் எழுந்து போவாள் என்பது பெரியவளுக்கு மட்டும் தெரியும்.

"சின்னவளே, இன்னைக்கு நான் கூப்பிடறேன்" என்றாள் பெரியவள். "உன் பொண்ணை நீயே கூப்பிட்டா நாலு பேர் ஒரு மாதிரி பேசுவாங்க."

"ஆமாக்கா, எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்று சின்னவள் மனதார விலகி நின்றாள்.

வகுப்பு ஓய்ந்தது. கடிகாரச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. பெரியவள் முதல் பெயராகக் குட்டிச் சாமியாரின் பெயரைச் சொன்னாள்.

யாரும் எழவில்லை. மறுபடி சொன்னாள். பெற்றோர்கள் பிள்ளையைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். "தியானத்துல இருக்கா" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பெரியவள் சாதாரணக் குரலில் கூப்பிட்டாள். பிள்ளைகள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமனாரின் சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்து அந்த வீடு கேட்டிராத குரலில், தொண்டை கிழிய, நான்காம் முறை கூப்பிட்டாள். சுவரோரம் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

குட்டிச் சாமியார் நிமிர்ந்த முதுகோடு, மூடிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள். கடைசிவரை அசையாமல் இருக்க வேண்டும் என்று அன்று காலை அம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அன்று கண்ணிடுக்கில்கூட அவள் பார்க்கவில்லை.

"டீச்சர், அவளுக்குக் கேக்கலை" என்றாள் பக்கத்தில் இருந்த பொடிசு.

சின்னவள் பாய்ந்து வந்தாள். "எத்தனை தடவை கூப்பிடறாங்க! வேணும்னே மானத்தை வாங்கறியா?" என்று கேட்டு, எல்லோரும் பார்க்க மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முறை வந்துவிட்டது, தான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டாள் போலும். ஐந்து விரலும் பதிந்த கன்னத்தோடு எழுந்தாள். அழாமல், குதிகால் தரையில் படாமல், ஒரு சத்தமும் எழுப்பாமல் நுனிக்காலில் நடந்து பெரியவளிடம் வந்து நின்றாள்.

மாமனார் எழுந்து பேத்தியின் பின்னால் வந்தார். அவள் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் படாரென்று தட்டினார். பிள்ளையின் கண் இமைக்கவில்லை. அவர் பெற்றோர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வகுப்பு முடிஞ்சது. எல்லாரும் போயிட்டு வாங்க."

காதைச் சோதித்த டாக்டர் நீட்டி முழக்கவில்லை. காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது என்றார். அடைக்கும் முன் கொண்டுவந்திருந்தால் உள்ளே கேட்கும் கருவி வைத்திருக்கலாம், இனி வைக்க இடமில்லை என்றார். முன்னால் என்றால் எப்போது என்று மாமனார் கேட்டார். "மழைக்காலத்துல வந்திருந்தாக்கூட வழி இருந்தது" என்றார் டாக்டர்.

திரும்பி வந்த மாமனார் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெரிய மருமகளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கவனிப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அவளை ஏன் முதல்ல கூப்பிட்டே?"

"சும்மாதான் மாமா. ஏதோ ஒரு பேர் வாயில வந்தது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் தரையில் கிடந்த ஒரு கட்டையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"நான் செஞ்சது ஆணவம். சோதனை வேணாம்னு சொன்னவன் நான்தான். அதை நான் சுமக்கறேன். உன்னோடதுக்கு என்ன பேருன்னு நீ சொல்லு. எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துலேர்ந்து" என்றாள் அவள் தரையைப் பார்த்து.

மாமனார் அலமாரியில் அடுக்கியிருந்த ஓசைப் பெட்டிகளைப் பார்த்தார். தன்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்று அவள் நினைத்தாள். பிறந்த வீட்டில் எந்த அறை கிடைக்கும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

"நாளையிலிருந்து நீதான் தலைமை" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஆசைப்பட்டது கிடைச்சுடுச்சுன்னு நினைக்காதே. உன்னை அனுப்பினா ஏன்னு ஊர் கேக்கும். இந்த வீட்டு மருமகள் இப்படி ஒண்ணு செஞ்சான்னு வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது. உன் புருஷனுக்குத் தெரியக் கூடாது, சின்னவளுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே குடும்பம் ரெண்டாகும். நீ இங்கேயே இருப்பே. அந்தப் பிள்ளை தினமும் உன் முன்னாடி வந்து உட்காரும். உன் வாயையே பாத்துக்கிட்டிருக்கும்."

கதவு திறந்தது. சின்னவள் அழுது வீங்கிய முகத்தோடு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மாமனார் இருப்பதைக்கூடப் பார்க்காமல் பெரியவளின் தோளில் சாய்ந்தாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு விடாம கூப்பிடலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. பெத்தவ நான், கையோங்கினேன். நீங்கதான் அவளுக்குத் தாய்." மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதட்டை மெல்ல அசைத்துச் சொன்னாள்: "பெரியம்மாவுக்கு முத்தம் குடு."

பிள்ளை எட்டிப் பெரியவளின் கன்னத்தில் முத்தமிட்டாள். அன்று அம்மா அறைந்த தடம் பிள்ளையின் கன்னத்தில் மஞ்சளாக மங்கியிருந்தது.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரிக்கா, உங்களுக்கு எப்போ சந்தேகம் வந்தது?" என்று கேட்டாள்.

பெரியவள் மாமனாரைப் பார்த்தாள். வாழ்நாளில் பொய் சொல்லி அறியாதவர் என்று பேரெடுத்த மனிதர் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லும்மா. கேக்கறாள்ல?" என்றார்.

"அன்னைக்குத்தான்" என்றாள் பெரியவள்.

"அன்னைக்கேதான். நான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் மாமனார்.

சின்னவள் குனிந்து பெரியவளின் காலைத் தொட்டாள். பெரியவள் பின்வாங்கப் பார்த்தாள். மாமனார் கையை உயர்த்தி, அசையாதே என்று காட்டினார்.