நிமிராத தலைகள்

என் பெயர் உண்ணாமலை. திருவண்ணாமலையில் மைக் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் என் நம்பரைத்தான் தேடுவார்கள். கல்யாண வரவேற்பு, நகைக்கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, எதுவானாலும் நான்தான். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் போடும் தகவல் பந்தலிலும் பதினோரு வருஷமாக என் குரல்தான். பதினாலு கிலோமீட்டர் பாதை, கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். மலையைச் சுற்றி ஒரே நேரத்தில் கேட்கிற குரல் என்னுடையது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். வரட்டுமே, சும்மாவா வந்தது?

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமி அன்று காலையிலிருந்தே கூட்டம். வெயிலுக்கு முன்னால் சுற்றிவிடலாம் என்று கிளம்பியவர்கள் எல்லாரும் வெயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்காகத் தண்ணீர் லாரிகள் ரோட்டை நனைத்துக்கொண்டே போயின. நனைத்த இடம் ஐந்து நிமிஷத்தில் காய்ந்தது.

பதினொன்றரை மணிக்கு அருணாதேவி என்று ஒரு பெண் பந்தலுக்குள் ஓடிவந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவோடு நடக்கும்போது கூட்டத்தில் கை விட்டுப் போய்விட்டது. அவருடைய போனும் இவள் பையில்தான் இருந்தது.

"அப்பாவுக்கு சுகருங்க. காலைல இன்சுலின் ஊசி போட்டுக்கினாரு. ரெண்டே இட்லிதான் துன்னாரு. பத்தரைக்கு ஏதாவது குடுக்கணும், இல்லனா மயங்கிடுவாரு. போன மாசம் அப்பிடித்தான் ஆஸ்பத்திரில சேத்தோம். சாப்பாடு பாருங்க, என் கைலயே கீது."

மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அடையாளம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு மைக்கை எடுத்தேன்.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே! அண்ணாமலையார் திருவடி நாடி வந்திருக்கும் ஆன்மிக நெஞ்சங்களே! உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறோம். கீழ்பென்னாத்தூரைச் சார்ந்த உயர்திரு சுப்பன் அவர்கள், வயது அறுபத்தெட்டு, மாநிறம், நடுத்தர உயரம், தம் குடும்பத்தாரைப் பிரிந்துவிட்டபடியால், அன்னார் எங்கிருந்தாலும் உடனடியாகத் தகவல் பந்தலை அணுகுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

ஏற்ற இறக்கம், மூச்சு, எல்லாம் கச்சிதம். பன்னிரண்டுக்கு இன்னொரு முறை. பன்னிரண்டரைக்கு மூன்றாவது முறை. சுப்பன் வரவில்லை.

பந்தலில் எனக்குப் பின்னால் கேமரா திரைகள் எட்டு இருக்கும். நான் ரோட்டைப் பார்த்து உட்காருவேன், திரைகள் என் முதுகைப் பார்க்கும். அவற்றைக் கவனிக்க வினோதினி என்று ஒரு பெண், வயது இருபத்து மூன்று இருக்கும். எங்கள் பந்தலுக்கு வந்து மூன்றாவது பௌர்ணமி. எட்டுத் திரையிலும் அந்த மனிதரைத் தேடித் தேடி அவள் கண் சிவந்திருந்தது. மூன்றாவது முறை நான் மைக்கை வைத்ததும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, ஒண்ணு காட்டட்டுமா? கோச்சிக்க மாட்டீங்களே?"

"கோச்சிக்கிற மாதிரி இருந்தா கோச்சிக்குவேன். காட்டு."

திரையில் அரை மணி நேரத்துக்கு முந்திய காட்சியை ஓட்டினாள். அடி அண்ணாமலை அருகே ரோடு நிறையக் கூட்டம். "இது நீங்க பேசிக்கினு இருந்தப்போ. தலைங்கள மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஸ்பீக்கர் கம்பத்துக்கு அடியிலேயே ஆயிரம் பேர் நடக்கிறார்கள். நான் பேசிய ஒரு நிமிஷம் முழுக்க ஒரு தலை நிமிரவில்லை. ஒருத்தர் கூட நடையைக் குறைக்கவில்லை. அதே திரையில், கொஞ்ச நேரம் கழித்து, மோர் கேன் வைத்திருந்த ஒருவர் வாயைத் திறந்து ஏதோ கத்தினார். இருபது தலை சட்டென்று திரும்பியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கேமரா பாக்க வந்தவ கேமராவப் பாரு. பதினோரு வருஷமா பேசறேன். எத்தினி பேரச் சேத்து வெச்சிருக்கேன் தெரியுமா உனக்கு?"

அவள் பயந்துபோவாள் என்று நினைத்தேன். பயந்தாள்தான். ஆனாலும் நகரவில்லை.

"தெரியுங்க்கா. உங்க குரல் மாதிரி யாருக்கும் வராது. லாரி சத்தத்துல கூட தெளிவாக் கேக்குது. குரல்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா வணக்கம் ஜாஸ்தி, விஷயம் கம்மி. பேரு வர்றதுக்குள்ள ஜனங்க காத மூடிக்கிறாங்க. அப்புறம் அந்த ரோஸ் பை. அருணாக்கா சொன்னாங்களே, நீங்க சொல்லவே இல்லையே."

சொல்லவில்லைதான். பேத்தி சிந்துஜாவின் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையைச் சுப்பன் தோளில் மாட்டியிருந்தார். ரோஸ் நிறம், பெண் மாப்பிள்ளை பெயர் போட்டது. அதை நான் எழுதிக்கூட வைத்திருந்தேன். என் மைக்கில் ரோஸ் பை என்று சொல்வது அழகாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அழகு! அங்கே ஒரு மனிதர் மயங்கிக் கிடக்கிறாரோ என்னவோ, நான் வாக்கியத்துக்கு அலங்காரம் பார்த்திருக்கிறேன்.

அருணாதேவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிபன் பாக்ஸ் மூடியை அவள் விரல் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கோபப்பட நேரம் இருக்கவில்லை. வெட்கம் மட்டும் மிச்சம் இருந்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ரோட்டுக்கு முதுகு, திரைகளுக்கு முகம். மைக்கை எடுத்தேன்.

"ஒருத்தரக் காணோம். நடக்கறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லு..."

வினோதினி பாய்ந்து மைக்கைக் கையால் மூடினாள். "நிக்கச் சொல்லாதீங்கக்கா! பின்னாடி வர்றவங்க முட்டி விழுந்துடுவாங்க."

இந்த முறை எனக்குக் கோபமே வரவில்லை. தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"யாரும் நிக்க வேணாம், நடந்துகிட்டே பாருங்க. உங்க வலது கைப் பக்கம், மலைப் பக்கமா பாருங்க. ஒரு பெரியவர். தோள்ல ரோஸ் கலர் கல்யாணப் பை. அவருக்கு சுகர், காலைலேர்ந்து சரியா சாப்பிடல. சுப்பண்ணே, அருணா அப்பா, நாங்க உங்களத்தான் தேடறோம். எங்க இருக்கீங்களோ அங்கயே உக்காருங்க. உங்க பொண்ணு இங்க இருக்கு. அவரப் பாத்தவங்க வாழைப்பழமோ சர்க்கரையோ எதுனா குடுத்துட்டு, ஒரு கைய நல்லா மேல தூக்குங்க. நாங்க கேமரால பாத்துக்கிட்டிருக்கோம்."

சொல்லி முடிப்பதற்குள் தலைகள் திரும்பின.

எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கம்பங்கொல்லையில் காற்று அடித்தால் கதிரெல்லாம் ஒரே பக்கம் சாயுமே, அப்படி எட்டுத் திரையிலும் அத்தனை தலையும் மலைப் பக்கம் திரும்பியது. சத்தமே இல்லாத திரையில், என் குரல் போய்ச் சேருவதை நான் கண்ணால் பார்த்தேன். நடை நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்தடியையும், ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலையும் ஆயிரம் கண் தேடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு வருஷமாக இவ்வளவு பெரிய கூட்டத்தோடு பேசியிருக்கிறேன், ஒரு நாளும் இவர்களைப் பார்த்ததில்லை.

பிறகு கைகள் எழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல. மூன்றாம் திரையில் ஒன்று, ஐந்தில் நாலு, எட்டில் ஒரு கும்பலே. பாதை முழுக்க மலைப் பக்கம் உட்கார்ந்திருந்த எந்தக் கிழவரையும் ஜனங்கள் விடவில்லை. நமக்கெதற்கு என்று ஒதுங்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் பழத்தை உரித்துக் கொடுத்தார்கள். ஒரு தாத்தா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட, ஒரு அம்மாள் விடாமல் அவர் வாயில் லட்டைத் திணித்தாள். அருணாதேவி எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏழாவது, ஏழாவதுக்கா!" வினோதினி காட்சியைப் பெரிதாக்கினாள். புளிய மரத்தடி. சுற்றிலும் தூக்கிய கைகள். நடுவில் ஒருவர் கம்பத்தில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடியிருந்தார். மடியில் ரோஸ் பை. யாரோ அவர் தலையைத் தாங்கிக் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டை அசைந்து விழுங்குவது தெரிந்தது.

"அப்பா!" என்று அருணாதேவி திரையைத் தொட்டாள். நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

அவர் சாய்ந்திருந்த கம்பத்தை அப்புறம்தான் கவனித்தேன். அதன் உச்சியில் எங்கள் ஸ்பீக்கர் இருந்தது.

முதலுதவிக்காரர்கள் பார்த்து, சர்க்கரை அளவு ஏறிவிட்டது என்று உறுதிசெய்து, முக்கால் மணி நேரத்தில் அவரைப் பந்தலுக்குக் கூட்டிவந்தார்கள். அவர் முன்னால் டிபன் பாக்ஸ் திறந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் மகளைத் திட்டத் தெம்பு வந்தது. அதற்குப் பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்கத்தான் வேண்டும் என்று இருந்தது. "பெரியவரே, பதினொண்ணரைலேர்ந்து மூணு தடவ உங்க பேரச் சொன்னோமே. கேக்கலையா?"

"கேட்டுக்கினுதாம்மா இருந்தேன். மொதல்ல ஒரு அம்மா பேசினாங்க. யாரோ பெரிய ஆபீசரு காணாம பூட்டாருனு நெனச்சேன். எனக்கே தல சுத்திக்கினு இருந்துச்சு, இருந்தும் அவர நெனச்சுப் பாவமா இருந்துச்சு." சோற்றைப் பிசைந்தார். "அப்புறம் வேற ஒரு பொண்ணு வந்து பேசிச்சு. சுப்பண்ணேனு கூப்பிட்டுச்சு. அப்பத்தான், அட, நம்மளயானு புரிஞ்சுது."

வினோதினி உதட்டைக் கடித்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அருணாதேவிக்குத் தர்மசங்கடம், "அப்பா, சாப்பிடுங்க" என்றாள்.

அவர் விடவில்லை. "அந்த மொத அம்மாவ மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டோங்க" என்றேன்.

"நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கவளத்தை எடுத்தார்.