சேர் டிக்கெட்

பூந்தமல்லியில் டெண்ட் கொட்டகை இருந்த இடத்திலேயே சுவர் எழுப்பி, மின்விசிறி மாட்டி, புதுத் தியேட்டர் திறந்தார்கள். அறுபத்தொன்பது பொங்கலுக்கு. தரை, பெஞ்சு, சேர் என்று அதே மூன்று வகுப்புதான். ஆனால் அந்தச் சேர் இருக்கிறதே, அதுதான் ஊர் வாயில் விழுந்தது. இரும்புச் சேர். ஆள் எழுந்தால் உட்காரும் பலகை தானாகத் தூக்கிக்கொள்ளும்.

அந்தச் சேரில் உட்கார்ந்து ஒரே ஒரு படம் முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று சொர்ணத்துக்கு ஆசை. பேராசை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். டெண்ட் காலத்தில் ஒரு நாள் கைப்பிள்ளையோடு பெஞ்சு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தாள். பொன்னம்மாள் வந்து நின்றாள். அவர்கள் வயலில்தான் சொர்ணம் அந்த நாளில் நாற்று நடும் கூலி வேலை பார்த்தாள்.

"ஏன்டி, தரை அவ்ளோ காலியா கீதே, அங்க போய்க் குந்தேன்!"

டிக்கெட் கையில் இருந்தது. இருந்தும் என்ன செய்ய? எழுந்து போய் ஈர மணலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு என்ன படம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

இப்போது வயல் வேலை இல்லை. புருஷன் கோவிந்தன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவனே இரண்டு சேர் டிக்கெட் வாங்கினான்.

உள்ளே போனார்கள். பலகை தூக்கியபடி நின்றது. அதை இறக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? விளிம்பின் மேலேயே இரண்டு பேரும் ஏறிக் குந்திக்கொண்டார்கள்.

"அண்ணாத்தே! படம் பாக்க வந்தியா, பனமரம் ஏற வந்தியா?" பின்வரிசையில் கொல்லென்று சிரிப்பு.

சொர்ணத்துக்கு முகம் செத்துவிட்டது. "வாய்யா, பெஞ்சுக்கே போயிடலாம்."

"சும்மா இரு." கோவிந்தன் பலகையைத் தடவிப் பார்த்து அழுத்தினான். டமாரென்று இறங்கியது. "இன்னாடி இது, மந்திரம் மாதிரி கீது!" அவனே சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

விளக்கு அணைந்து நியூஸ் ரீல் ஓடும்போது டார்ச்சுக்காரர் ஒரு அம்மாளைக் கூட்டி வந்தார். காலியாக இருந்தது சொர்ணத்துக்குப் பக்கத்துச் சேர் ஒன்றுதான். வந்தது பொன்னம்மாள்.

பாழாய்ப் போன பழக்கம், சொர்ணத்தின் உடம்பு தானாக எழப் பார்த்தது. கோவிந்தன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"குந்து. நம்ம டிக்கெட்டு."

உட்கார்ந்தாள்.

டார்ச்சுக்காரர் பலகையை இறக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கை எடுத்ததும் பலகை மறுபடி தூக்கிக்கொண்டது. பொன்னம்மாள் அதையா பார்த்தாள்? அவள் கண் முழுக்கச் சொர்ணத்தின் மேல். முறைத்துக்கொண்டே, புடவையை ஒதுக்கி, வெறும் இடத்தில் உட்காரப் போனாள்.

விழட்டும், நல்லா விழட்டும் என்றுதான் மனசு சொன்னது. பொய் சொல்வானேன்! ஆனால் அதற்குள் கை நீண்டு பலகையை இறக்கிவிட்டது. அந்தக் கையின் மேலேயே பொன்னம்மாள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அய்யோ!" என்றாள் சொர்ணம்.

பொன்னம்மாள் பதறி நகர்ந்தாள். "ஏன்டி, கைய எதுக்கு அங்க வெச்ச?"

"பலகை தூக்கிக்கினுச்சும்மா. கை வெக்கலேன்னா நீங்க தரையில குந்தியிருப்பீங்க."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்தது. பொன்னம்மாள் இரண்டு சேருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் ஆரம்பித்து வெகு நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

விரல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. சொர்ணம் அந்தக் கையைக் காலியான கைப்பிடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதுதான். நீங்க படத்தப் பாருங்க."