வெளி விருந்தினர் கட்டணம்

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் வழியில், ராட்டினம் படம் போட்ட கவுண்டருக்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் பெட்டி. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய எட்டு வயதுப் பெண் கொஞ்சம் தள்ளியே நின்றாள். அவள் அவன் மனைவியின் மகள். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். இவனுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'லிஃப்ட் சார்'.

சிட்டுவின் அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் சும்மா சும்மா மக்கர் பண்ணிய லிஃப்டைச் சரிசெய்ய வந்தவன்தான் இவன். லிஃப்ட் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகும் வந்துகொண்டிருந்தான். கடைசியில், நர்ஸ் வேலை பார்த்த அவள் அம்மாவோடு போன வருஷம் கல்யாணம் ஆனது. அப்புறமும் சிட்டு கூப்பிடுகிற விதம் மாறவில்லை. அம்மா கண்ணை உருட்டுவாள். "விடு, தொழிலைச் சொல்லித்தானே கூப்பிடுறா. திருடன்னா கூப்பிடுறா?" என்று இவன் சிரித்து மழுப்பிவிடுவான்.

பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாம் என்பது அவன் யோசனைதான். பூங்காவை ஒட்டியே விடுதி, அறையிலிருந்து ராட்டினம் தெரியும், விமான நிலையத்திலிருந்து பஸ் இலவசம் என்றெல்லாம் பார்த்து மூன்று பேருக்கும் பதிவு செய்திருந்தான். கிளம்புகிற அன்று ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்று மனைவியை நிறுத்திக்கொண்டார்கள். "நான் நாளைக்குக் காலைல வந்துடறேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள். அவனும் சிட்டுவும் மட்டும் எங்காவது போவது இதுதான் முதல் தடவை. விமானத்தில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்காமல் தலையைத்தான் ஆட்டினாள்.

இந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. சிட்டு வருகிற வருஷம் புதுப் பள்ளிக்கூடம் போகிறாள். "ஒரே வீட்டுல ரெண்டு இனிஷியல் எதுக்கு? சேர்க்கும்போதே மாத்திடுங்க, நாளைக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று மனைவியின் அண்ணன், அவன் மச்சான், வந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அங்க போய் அவ சந்தோஷமா இருக்கும்போது அவளையே கேப்போம்" என்றாள். அவன் பிடி கொடுக்காமல் இருந்தானே தவிர, ஆசை இல்லாமல் இல்லை. ஒரு நாள் மொட்டை மாடி மெஷின் ரூமில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பெயருக்கு முன்னால் தன் எழுத்தைப் போட்டுச் சாக்பீஸால் சுவரில் எழுதிப் பார்த்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டு, அவசரமாகச் சட்டைக் கையால் அழித்தான்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. சிரித்த முகம், ஆனால் காலையிலிருந்து திட்டு வாங்கிய களைப்பு கண்ணில் தெரிந்தது.

"பஸ் இலவசம்னு போட்டிருந்துச்சே?" என்றான் அவன்.

"போன மாசம் வரைக்கும் இலவசம்தான் சார். இப்போ மூணு விதமா இருக்கு. தனிக் கார். நேரா விடுதிக்குப் போற வண்டி. இல்லன்னா எல்லா விடுதியையும் சுத்திட்டுப் போற பஸ், அதுதான் இருக்கறதுலயே குறைச்சல். பெட்டிக்குத் தனி. அப்புறம் விடுதி வசதிக் கட்டணம், அது தினமும் உண்டு."

"என்ன வசதி?"

"நீச்சல் குளத்துத் துண்டு, அறையில போன், ராட்டினம் தெரியற ஜன்னல்..."

"ஜன்னலுக்குமா? மூச்சு விடறது சேர்த்தா, தனியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதுக்கும் அடுத்த மாசம் கட்டணம் வந்தாலும் வரலாம் சார். ஆனா குடும்பமா வந்தா குழந்தைக்கு எதுவும் கிடையாது. பஸ், கட்டில், காலைச் சாப்பாடு எல்லாம் சும்மா" என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு அவள் விரல் நின்றது. "குழந்தையை வெளி விருந்தினர்னு காட்டுது சார். ரெண்டு பேருக்கும் இனிஷியல் வேறயா இருக்கு. அப்படி இருந்தா எல்லாத்துக்கும் தனிக் கட்டணம் போட்டுடும்."

"அவங்கம்மா நாளைக்கு வர்றாங்க. அவங்க பேர்ல சேர்க்க முடியாதா?"

"அவங்க உங்க பேர்லதானே வர்றாங்க." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் ஒண்ணு பண்றேன். குழந்தைக்கும் உங்க இனிஷியலையே போட்டுடறேன். ஒரு எழுத்துதானே, யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். நியாயமாகப் பார்த்தால் அவன் கும்பிட்டிருக்க வேண்டும். கூடுதல் கட்டணமெல்லாம் சேர்ந்தால் கையைக் கடிக்கும். அது போக, மனசுக்குள் வைத்திருந்த ஆசை, கேட்காமலே, ஒரு விசையைத் தட்டினால் நடந்துவிடும் தூரத்தில் இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவன் சிட்டுவைப் பார்த்தான்.

அவள் கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அழவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முகத்தில் அவன் அதே பார்வையைப் பார்த்திருக்கிறான். கதவைத் திறக்க வந்தவனையும் நம்பாத பார்வை அது. இது இன்றைக்கு வந்த பயம் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. மச்சான் கூடத்தில் உட்கார்ந்து பேசியதெல்லாம் உள்ளறையில் இருந்த இந்தக் குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. அந்த எழுத்தை எப்போது பிடுங்குவார்களோ என்று இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாத்தாதீங்கம்மா" என்றான். "அது அவங்கப்பாவோட எழுத்து. அது அங்கேயே இருக்கட்டும்."

"அப்போ வெளி விருந்தினர் கட்டணம்..."

"போடுங்க."

"கட்டில், சாப்பாடு எல்லாத்துக்கும் வரும் சார்."

"எல்லாத்துக்கும் போடுங்க. பஸ் மட்டும் அந்தச் சுத்திப் போறதே போதும்."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது சிட்டு பின்னாலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நடந்தாள்.

"இங்க மட்டும்தான் மாத்த மாட்டீங்களா? ஸ்கூல்லயுமா?"

"ஸ்கூல்லயும்தான்."

"மாமா சொன்னாங்களே."

"மாமாகிட்ட நான் பேசிக்கறேன். அம்மாகிட்டயும் பேசிக்கறேன். நீயா கேட்டாத்தான் அதை யாரும் தொடணும்."

சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தான். பெட்டியை ஏற்றுகிற சாக்கில் பஸ்ஸுக்குப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

குறைந்த கட்டண பஸ் என்றால் அதற்கேற்ற மரியாதைதான். அதிகக் கட்டண விடுதிகளுக்குப் போகிறவர்களை முதலில் இறக்கிவிடுவார்கள். இவர்கள் விடுதி கடைசி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, பெட்டியைத் தேடி, தொலைத்த தொப்பிக்குச் சண்டை போட்டு, ஊர்ந்து ஊர்ந்து போனது. ஓட்டுநர் பெரியவர், மீசைக்காரர், எதற்கும் அவசரப்படாதவர். இரண்டாவது விடுதியில் ஒரு பெரிய குடும்பம் இறங்கியதும் பஸ் பாதி காலியானது.

"எங்கப்பாவுக்குக் கரப்பான்பூச்சின்னா பயம்" என்றாள் சிட்டு திடீரென்று.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில் மேல ஏறி நின்னுடுவாங்க. அம்மாதான் அடிப்பாங்க. நான்கூட ஒரு தடவை அடிச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இதெல்லாம் சொன்னா உங்களுக்குக் கோவம் வருமா?"

"எனக்கு எதுக்குக் கோவம்? எனக்கும் பயம்தான். மெஷின் ரூம்ல ஒண்ணு பறந்து வந்து, ஸ்பேனரை விட்டுட்டு ஓடிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வீட்டுல சொன்னா அம்மா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுடுவாங்க. மாமா பேச்சை மாத்திடுவாங்க. அதனால நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. ஆனா சொல்லாம இருந்தா மறந்துபோயிடுது. அவங்க குரல் இப்பவே சரியா ஞாபகம் இல்ல."

"என்கிட்ட சொல்லு" என்றான். "நானும் ஞாபகம் வெச்சுக்கறேன். ரெண்டு பேரா வெச்சுக்கிட்டா சீக்கிரம் மறக்காது."

அவ்வளவுதான், மடை திறந்தது. அப்பா இவள் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு சுவரில் நடக்கவிட்டது, பாடும்போது எப்போதும் இரண்டாவது வரியை விட்டுவிடுவது, சாப்பிடும்போது தாடை 'டிக்' என்று சத்தம் போடுவது, சைக்கிள் கற்றுக்கொடுக்கிறேன் என்று போய் அவரே விழுந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் ஒன்றில் பாதி, இன்னொன்றில் பாதி என்று கொட்டினாள். சிலதை இரண்டு தடவை சொன்னாள். அவன் இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டான். நடுவில் எப்போதோ அவள் அவன் பக்கம் திரும்பி, காலை மடித்து சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கியிருந்தார்கள். "உங்க விடுதி வந்தாச்சு" என்றார் மீசைக்காரர். ஜன்னல் வழியே ராட்டினம் தெரிந்தது, பெரிய சக்கரம், விளக்குகளோடு. சிட்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சைக்கிள் கதையில் அப்பா இன்னும் பள்ளத்தில்தான் கிடந்தார்.

"ஐயா, வண்டி இப்ப எங்க போகும்?"

"மறுபடி விமான நிலையம். அங்கேருந்து திரும்ப ஒரு சுத்து."

"நாங்க அப்படியே உக்காந்திருக்கலாமா?"

மீசைக்காரர் கண்ணாடி வழியே இருவரையும் பார்த்தார். "உக்காரலாம். ஆனா ரெண்டு சீட்டுக்கும் மறுபடி முழுக் கட்டணம் வாங்கணுமே. இங்க சும்மா எதுவும் கிடையாது தம்பி."

அவன் பர்ஸை எடுத்தான். அன்றைக்குக் கொடுத்த பணத்திலேயே அதைத்தான் அவன் மனசாரக் கொடுத்தான். பிறகு சிட்டுவின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"சரி, பள்ளத்துல விழுந்துட்டாங்க. அப்புறம் உங்கப்பா என்ன பண்ணாங்க?"