கடைசியில் ஏற்றிய முதல் விருப்பம்

மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி விருப்பப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அழுது புரண்டாலும் ஒரு வரியை மாற்ற முடியாது. மணி நாலு முப்பத்தைந்துக்குத்தான் மகள் ஃபோனில் அதைத் திறந்து பார்த்தாள்.

அவள் தாளில் எழுதிக் கொடுத்தது பதினான்கு வரி. மேலே ஏழு மருத்துவக் கல்லூரிகள், பிறகு நான்கு பல் மருத்துவம், இரண்டு பிசியோதெரபி, எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் உள்ளூர் நர்சிங் கல்லூரி. ஃபோனில் இருந்ததோ அப்படியே தலைகீழ். ஒன்றாம் எண்ணில் நர்சிங் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும். மார்க்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும், அதற்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காது. அவள் மார்க்குக்கு நர்சிங் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். டாக்டர் ஆசை அத்தோடு சரி.

சான்றிதழுக்காகக் காலையிலிருந்து பள்ளிக்கூடத்தில் கால்கடுக்க நின்றதால், பட்டியலைப் போடும் வேலையை அப்பாவிடம் விட்டிருந்தாள். அவர் பார்சல் ஆபீசில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். மூச்சிரைக்க அங்கே ஓடினாள்.

“என்னப்பா இது? நான் வெளியூர் போகக் கூடாதுன்னுதானே நர்சிங்கை மேல போட்டீங்க? நேராச் சொல்லியிருக்கலாமே!”

அப்பா தோளிலிருந்த பெட்டியை இறக்கினார். முகம் செத்துவிட்டது.

“ஐயோ, சத்தியமா இல்லம்மா. லாரியில முதல்ல இறங்க வேண்டியதைக் கடைசியாத்தானே ஏத்துவோம்? உனக்கு ஆசையானது கதவுகிட்ட இருக்கட்டும்னு பார்த்துப் பார்த்து ஏத்தினேன்.”

இருபத்திரண்டு வருஷம் லாரியே கதியென்று கிடந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை.

எல்லாவற்றையும் அழித்தாள். அப்பா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, அவள் எழுதிய தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அவள் ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஏழாவது வரியில் திரை நின்று, சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றட்டும், சுற்றட்டும், பாவி வட்டம்! அப்பா கடிகாரத்தையே பார்த்தார். வாய்விட்டு மணி சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு அவர் ஃபோனில் ஓடிபி வந்தது. அவர் எண்ணை வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள்; பட்டியல் பதிவாகிவிட்டது.

ஒன்பது நாள் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. பத்தாம் நாள் முடிவு வந்தது. ஐந்தாம் எண். மருத்துவம். பஸ்ஸில் பதினோரு மணி நேரப் பயணம்.

“நான் ஏத்தினபடியே விட்டிருந்தா?” என்றார் அப்பா.

“நர்சிங்தான்ப்பா. தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பேன்.”

“நல்லவேளை, நீ பார்த்தே,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார்.

கிளம்புகிற அன்று பெட்டியை அவரே அடுக்கினார். யாரையும் தொடவிடவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“அங்க போனதும் முதல்ல உனக்கு எதும்மா வேணும்?”

“சார்ஜர்ப்பா. உங்களைத்தானே முதல்ல கூப்பிடணும்.”

அப்பா சார்ஜரைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் உள்ளே போய் முடியும்வரை அதை அவர் கீழே வைக்கவே இல்லை.