சரிபார்த்தவர்: கோமதி

அந்த வருடக் குலுக்கலில் மங்கையர்க்கரசிக்கு உண்மை விழுந்தது.

எடை இயந்திரம் செய்கிற கம்பெனி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கம்பெனிக்கு ஒன்பது விழுமியங்கள். வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். மற்ற கம்பெனிகள் மாட்டியதோடு விட்டுவிடும். இங்கே ஆயுத பூஜைக்கு மறுநாள் அவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததை வருடம் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும். தினமும் ஐந்து மணிக்குள் கடைப்பிடித்ததற்கான படிவத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

இதில் யாருக்கும் குறை இல்லை. ஸ்டோர்ஸில் இரண்டு பேருக்குப் போன வருடம் ஒற்றுமை விழுந்தது. முதலில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தீபாவளிக்குள் ஒரே சட்டைக்கு வந்துவிட்டார்கள். இப்போது சட்டை கழற்ற வரவில்லை. பழகிவிட்டது என்கிறார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு நேரம் தவறாமை. அவள் கடிகாரம் மாதிரி மணிக்கொரு தடவை அடிக்கிறாள். நாலு மணி என்றால் நாலு அடி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மங்கைக்கு இத்தனை வருடமும் சிக்கனமே விழுந்துகொண்டிருந்தது. ஃபேனை அணைத்தாள். பேப்பரின் பின்பக்கத்தில் எழுதினாள். வம்பில்லாத விழுமியம். இந்தத் தடவை சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்துவிட்டாள்.

"உனக்கு என்ன விழுந்துது கோமதி?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்.

"உண்மை."

சங்கடமே அதுதான். அவள் கோமதி இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மங்கை இரண்டாம் மாடி அப்பளக் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்தவள். மாடியைத் தப்பாக எண்ணி முதல் மாடியிலேயே நுழைந்துவிட்டாள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மேஜைமேல் கோமதி என்று பெயர் போட்ட அடையாள அட்டை கிடந்தது. போட்டோ ஒட்டவில்லை. "மொத நாளே லேட்டா?" என்று யாரோ அதட்டினார்கள். அதட்டினால் உட்கார்ந்துவிடுகிற சுபாவம் அவளுக்கு. மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மத்தியானம் எல்லோரும் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி அவளுக்கு வைத்தார்கள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நான் அவள் இல்லை என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டாள். அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

வேலை சுலபம். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு கிலோ எடைக்கல்லை வைப்பாள். ஒரு கிலோ காட்டினால் ஸ்டிக்கர் ஒட்டுவாள். 'சரிபார்த்தவர்: கோமதி.' எண் ஒன்றில் வந்து நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த நாற்காலி போய்விட்டால் அவளால் தாங்க முடியாது. ஆனால் தக்காளி வாங்கப் போனால் கடையில் அந்த ஸ்டிக்கர் அவளையே பார்க்கும். தலையைக் குனிந்துகொண்டு தக்காளியைப் பொறுக்குவாள்.

வீட்டிலும் நிலைமை சுகமில்லை. அவள் அப்பளக் கம்பெனிக்குத்தான் போகிறாள் என்று கணவன் செல்வமுத்து நம்பிக்கொண்டிருந்தான். மாதம் ஒரு தடவை கடையில் அப்பளம் வாங்கி, கவரை மாற்றி, "கம்பெனியில குடுத்தாங்க" என்று நீட்டுவாள். "உங்க கம்பெனி அப்பளம் மாதிரி எங்கயும் வராது" என்பான் அவன்.

முதல் நாள் படிவத்தில் 'கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை' என்று எழுதினாள். ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் 'சுவரில் மாட்டியிருப்பது போன வருடக் காலண்டர்' என்று எழுதினாள். அதற்கு அடுத்த நாள் 'மேனேஜர் ஜெபமணி சாரின் குரல் எனக்குப் பயமாக இருக்கிறது.' அதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஜெபமணி சாரை யாரும் பார்த்ததில்லை. இன்டர்காமில் கரகரவென்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான்.

இருபதாம் நாள் எச்.ஆர். தாட்சாயணி மேடம் படிவத்தைத் திருப்பித் தந்தாள்.

"சின்னச் சின்ன உண்மையெல்லாம் இனிமே எடுத்துக்க மாட்டோம்."

"வேற எதுவும் இல்லையே மேடம்."

"இருக்கு. வராந்தாவைப் பாருங்க."

மங்கை பார்த்தாள். அவள் சீட்டிலிருந்து மேனேஜர் அறைக்கு ஏழு எட்டு வைத்தால் போதும் என்றுதான் கட்டியிருந்தார்கள். இப்போது கடைசியில் இருந்த கதவு தபால்தலை அளவுக்குத் தெரிந்தது.

"எவ்ளோ தூரம் மேடம்?"

"அளக்கப் போனவர் இன்னும் திரும்பி வரலை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மேனேஜரை நேர்ல பாத்துச் சொல்லி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா உங்க நாற்காலியை எடுத்துடுவோம்."

"சொல்லிட்டா? நாற்காலி இருக்குமா?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை."

சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும். நடந்தாவது போகட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று எடைக்கல்லையும் எடுத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு வராந்தாவில் லேசாகத் தூறியது. பதினொன்றரைக்கு வெயில் வந்தது. கதவு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு மணிக்கு டிஸ்பாட்ச் சாதிக் பாட்சாவைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு லீவு போட்டுவிட்டுப் போனதாகச் சொன்ன ஆள். சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொட்டியில் கறிவேப்பிலை நன்றாக வந்திருந்தது.

"இங்கயா இருக்கீங்க பாய்?"

"எனக்கும் உண்மைதான் விழுந்துச்சு. சொல்றதுக்குக் கிளம்பினேன். பாதில கால் வலிச்சுது, உக்காந்துட்டேன்."

"உங்களோட உண்மை என்ன?"

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சும்மா தட்டிக்கிட்டே இருந்தேன். உங்களுது?"

மங்கை அதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நான் கோமதி இல்லை பாய்."

அவர் யோசித்தார். "அது என்னுதை விட தூரம்" என்றார்.

ஆனால் கதவு பெரிதாகியிருந்தது. நோட்டுப் புத்தகம் அளவுக்கு வந்துவிட்டது. இருவரும் எலுமிச்சை சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். அவர் கறிவேப்பிலை பறித்துப் போட்டார். நீங்களும் வாங்க என்று கூப்பிட்டதற்கு, நீங்க முன்னால போங்க என்றார்.

ரிசப்ஷன் பெண் எங்கேயோ தொலைவில் நாலு அடித்தபோது மங்கை கதவைத் தட்டினாள். 'திரு. ஜெபமணி, மேனேஜர்' என்று பலகை இருந்தது.

"உள்ள வாங்க" என்றது கரகரப்பான குரல்.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏறக்குறைய மங்கையின் வயது. கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தாள்.

"ஜெபமணி சார் இல்லீங்களா?"

"நான்தான், சொல்லுங்க."

வந்த தூரத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மங்கை கல்லை மேஜைமேல் வைத்தாள்.

"சார், நான் கோமதி இல்லை. என் பேரு மங்கையர்க்கரசி. மேல அப்பளக் கம்பெனிக்கு வந்தவ. மாடி தப்பிப்போச்சு. பதினோரு வருசமா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் சார்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மேனேஜர் பேனாவை மூடினாள். மஃப்ளரைக் கழற்றினாள். குரல் மாறிவிட்டது.

"கோமதி நான்தான்."

மங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னைக்கு பஸ் கிடைக்கலை. ஓடி வந்தேன். என் சீட்டுல நீங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க. சாப்பிடறவங்களை எப்படி எழுப்புறது? இந்த ரூம் காலியா இருந்துச்சு. சார்னு யாரோ கூப்பிட்டாங்க. திரும்பிட்டேன்."

"அப்போ ஜெபமணி சார்?"

"சாப்பிட்டுட்டு வந்தாரு. இங்க நான் இருந்தேன். வேற எங்க போவாரு? மாடிக்குப் போனாரு. அப்பளக் கம்பெனியில இன்டர்வியூவுக்கு ஒரு ஆள் வரலைன்னு தேடிட்டு இருந்தாங்களாம். பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

"என்ன பேர்ல?"

"உங்க பேர்லதான்."

கோமதி இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே பதினோரு உண்மைச் சீட்டுகள் இருந்தன. "வருசா வருசம் எனக்கும் இதேதான் விழுது. யார்கிட்ட சொல்றது? சொல்லலாம்னு கதவைத் திறந்தா வராந்தா அவ்ளோ நீளம். உங்களாலன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

"என் நாற்காலி..."

"உங்க நாற்காலிதான். எனக்கு மெஷின்னா பயம்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கடைக்குப் போறப்பல்லாம் பாப்பேன். சரிபார்த்தவர் கோமதின்னு இருக்கும். ஒரு தடவை கூடத் தப்பா காட்டினதில்லை. எங்க அம்மாகிட்டல்லாம் காட்டியிருக்கேன்."

மங்கைக்கு நெஞ்சு லேசானது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள். கோமதி படிவத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கை மறந்துபோயிருந்ததால் இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தால் வாசலிலேயே சாதிக் பாட்சா நாற்காலியோடும் தொட்டியோடும் இருந்தார். ஒன்றும் கேட்காமல் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். மங்கை எண்ணிக்கொண்டே நடந்தாள். ஏழு எட்டு. அளக்கப் போனவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தாட்சாயணி மேடம் படிவத்தில் முத்திரை குத்தி, "அடுத்த தடவை சீக்கிரம் வாங்க மங்கையர்க்கரசி" என்றாள். ரிசப்ஷன் பெண் ஐந்து அடித்தாள்.

மாடிப்படியில் பெரிய மீசை வைத்த ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். மேலிருந்து யாரோ, "மங்கையர்க்கரசி, நாளைக்கு உளுந்து வருது, மறந்துடாதீங்க!" என்று கத்தினார்கள். மங்கையும் அவரும் ஒன்றாக, "சரி" என்றார்கள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள்பையிலிருந்து ஒரு அப்பளக் கட்டை எடுத்தார்.

"மாசா மாசம் உங்க பேருக்குத் தர்றாங்க. எனக்கு ஒத்துக்காதும்மா."

மங்கை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் கடைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய் அந்த அப்பளத்தைச் செல்வமுத்துவிடம் நீட்டினாள்.

"கம்பெனியில குடுத்தாங்க" என்றாள்.

அவன் இரண்டைப் பொரித்துக் கடித்துப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"இந்த மாசம் உப்பு ஜாஸ்தி. உங்க கம்பெனியில சொல்லு."

"ஆள் இருக்காரு. சொல்லிடறேன்" என்றாள் மங்கையர்க்கரசி.