அரை கிளட்ச் மகாராணி

"வ்வ்ர்ர்ர்ரூம்ம்ம்!"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருவே திடுக்கிட்டது. லாரி ஏதோ வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து வாசலுக்கு ஓடி வந்தவர்களும் உண்டு. லாரி இல்லை, வாத்தியாரின் மோட்டார் சைக்கிள்தான். தெருவிலிருந்து கேட்டுக்கு ஏறும் சிமெண்ட் சரிவில் பாதியில் நின்றுகொண்டு அலறியது. அந்தச் சரிவே நாலடி நீளம்தான். இன்ஜின் போட்ட சத்தத்துக்கு வண்டி மொட்டை மாடிக்கே ஏறியிருக்க வேண்டும். ஆனால் இருந்த இடத்திலேயே உறுமிவிட்டு, மெதுவாகப் பின்னால் சரிந்து மறுபடி தெருவுக்கு வந்தது.

"என்ன வாத்தியாரே, வண்டிக்குத் தொண்டை மட்டும்தான் இருக்கு, கால் இல்லையா?"

மாடி வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு ஜன்னலில் நின்றார். யாராவது தடுமாறினால் அவர் ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும்.

"நான் என்ன சார் பண்றது? உள்ள இருக்காங்களே அரை கிளட்ச் மகாராணி, எல்லாம் அவங்க கைங்கரியம்!" என்றார் வாத்தியார், உள்ளே இருக்கும் மனைவிக்கும் கேட்கிற மாதிரி.

தையல்காரர் சிரித்தார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்பவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் கிளட்ச்சிலும் பிரேக்கிலும் பாதம் வைத்தபடியே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டார். "கிளட்ச்சை முழுசா விடு! பாதியில பிடிச்சா தட்டு எரிஞ்சிரும்!" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே கிளட்ச் எரிந்து போனால் மானம் போகாதா?

மூன்று வாரம் முன்பு அவர் மனைவி இந்த வண்டியில் வேலைக்குப் போகும்போது, பாலத்து ஏற்றத்தில் வண்டி இதே மாதிரி உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, போன் செய்து அவரைக் கூப்பிட்டாள். வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "அரை கிளட்ச்லயே ஓட்டினா வேற என்ன ஆகும்? ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறேன், உனக்கு மட்டும் ஏற மாட்டேங்குதே!" என்று பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கப் பார்க்கத் திட்டினார். அன்று சாயங்காலம் அவள் தன்னிடம் இருந்த சாவியைக் கொண்டுவந்து சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அதன்பிறகு தொடவில்லை. நடந்தே போய் வந்தாள். வாத்தியார்தான் சமதளத்தில் மட்டும் எப்படியோ உருட்டிக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் எட்டு வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுண்ட்டருக்குள் உட்கார்ந்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் புதுப் பிரிவை அவள் பொறுப்பில் விட முதலாளி தயாராக இருந்தார். அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேறு. ஒரே நிபந்தனை, வண்டி ஓட்ட வேண்டும். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு போன் செய்வேன், முடிவைச் சொல்லுங்கள் என்றிருந்தார் அவர்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன். வீடு வீடாப் போற வேலை, நடுவழியில வண்டி நின்னா அவங்களுக்குத்தான் கஷ்டம்," என்று முந்தின இரவு சாப்பிடும்போது சொன்னாள்.

"உன் இஷ்டம்," என்றார் வாத்தியார், மோரை ஊற்றிக்கொண்டே.

எட்டரை மணிக்கு மைத்துனன் வந்தான். அவளுடைய தம்பி. தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். திருகுகிற எதையும் சும்மா விடமாட்டான். ஒரு கையில் ஸ்பேனர் பெட்டி, மறு கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"அக்கா, காபி போடு! மாமா, புது கிளட்ச் தட்டெல்லாம் நேத்து ராத்திரியே எண்ணெயில ஊறப் போட்டுட்டேன். காய்ஞ்ச தட்டைப் போட்டா முதல் நாளே கருகிடும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா மச்சான்?"

"நாலு சக்கரத்துக்கு நீங்க வாத்தியார். ரெண்டு சக்கரத்துக்கு நான்தான்!"

வண்டியைத் தள்ளி முற்றத்துக்குள் ஏற்றினார்கள். மைத்துனன் உடனே ஸ்பேனரைத் தூக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மெதுவாக விட்டான்.

"நல்ல கிளட்ச்சா இருந்தா இப்போ இன்ஜின் தடுமாறி அணையணும். அணையுதா பாருங்க?"

அணையவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

"வழுக்குது. தட்டு போயிடுச்சு." இன்ஜினை நிறுத்திவிட்டுக் கிளட்ச் லீவரை ஒரே ஒரு விரலால் தொட்டு ஆட்டினான். மறுபடி ஆட்டினான். அவன் முகம் மாறியது.

"மாமா, இந்த லீவர் நுனி கொஞ்சம் லூஸா ஆடணும். ஒரு ரூபாய்க் காசு நுழையிற அளவாவது இடைவெளி வேணும். இது கம்பி மாதிரி விறைப்பா நிக்குது. கையை எடுத்தாலும் கிளட்ச் முழுசா பிடிச்சிருக்காது. யாரு ஓட்டினாலும் எரியத்தான் செய்யும். கேபிளை இவ்வளவு டைட் பண்ணது யாரு?"

வாத்தியார் லீவரையே பார்த்தார்.

அவர்தான். நாலு மாசம் முன்பு ஒரு சாயங்காலம், இதே முற்றத்தில் குந்தி உட்கார்ந்து அவர்தான் இறுக்கினார். ஸ்கூல் காரில் அவருடைய பெடல் தொட்ட உடனே பிடிக்கும்படி இருக்கும். மாணவன் தப்பு செய்யும்போது அரை வினாடி கூடத் தாமதம் ஆகக் கூடாது என்று அவரே அப்படி வைத்திருந்தார். அந்தப் பழக்கத்தில் சொந்த வண்டியின் லீவர் சொத சொதவென்று ஆடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டு, "ஆ, இப்போதான் வண்டி மாதிரி இருக்கு," என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் நினைவு வந்தது.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'நான்தான்.' வாய் திறந்தது. வந்தது வேறு.

"உங்கக்காதான். விரல் எட்ட மாட்டேங்குது, டைட் பண்ணிக் கொடுங்கன்னு கேட்டா. அதான் பண்ணேன்."

காபி டம்ளர்களோடு அவள் வாசற்படியில் நின்றிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"ஏன்கா, நீயா கேட்ட?" என்றான் தம்பி.

அவள் கணவரைப் பார்த்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியது. டம்ளர்களைத் திண்டின் மேல் வைத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"ஆமாடா... நான்தான் கேட்டேன்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

காப்பாற்றிவிட்டாள் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. தம்பி முன்னால் அவர் தலை குனியக் கூடாது என்று பழியைத் தானே வாங்கிக்கொண்டாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காபியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். பத்தொன்பது வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர், தன் தப்பை ஒரு பெண்ணின் விரல் நுனியில் தொங்கவிட்டுவிட்டார்.

வேலை ஆரம்பித்தது. பழைய எண்ணெயை வடித்தார்கள். கிக்கரைக் கழற்றினார்கள். பக்கத்து மூடியின் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மைத்துனன் ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தான். மூடி திறந்ததும் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது.

"உவ்வே! அடுப்புல பால் பொங்கி வழிஞ்ச மாதிரி இல்ல?" என்றான் மைத்துனன்.

நாலு ஸ்பிரிங்கையும் கழற்றித் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. உராயும் தட்டைப் புதியதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினான் மைத்துனன். புதியதின் பக்கத்தில் பழையது, வெகுநாள் தேய்ந்த செருப்பு மாதிரி இருந்தது.

செருப்பு. வாத்தியாரின் கண் தானாக வாசலுக்குப் போனது. மூன்று வாரம் பாலம் ஏறி இறங்கிய அவள் செருப்பு அங்கே கிடந்தது. குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்வையை மாற்றிக்கொண்டார்.

"என்ன மாமா பேச்சையே காணோம்? வழக்கமா எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே சொல்லிக்கொடுப்பீங்களே?"

"வெயில்," என்றார். நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்.

புதுத் தட்டுகள் எண்ணெய் சொட்டச் சொட்ட உள்ளே போயின. ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். மூடி விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது கேஸ்கெட் வைத்து மூடியைப் பூட்டினார்கள். புது எண்ணெய் ஊற்றியபோது மணி பதினொன்றே கால்.

கடைசி வேலை கேபிள். அதன் நட்டில் தூசியும் எண்ணெயும் அப்பியிருந்தது. மைத்துனன் துணியால் அழுத்தித் துடைத்தான். கை நின்றது. நட்டின் மேல் மிளகு அளவுக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி.

"இதென்ன?"

மைத்துனன் புள்ளியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் உங்ககிட்டதானே மாமா கார் கத்துக்கிட்டேன். உங்க பெடலுக்குக் கீழ இருக்கிற நட்டுலயும் இதே புள்ளிதான். யாராவது லூஸ் பண்ணா தெரிஞ்சிடும்னு நீங்களே காட்டினீங்க." ஸ்பேனரை அவர் பக்கம் நீட்டினான். "அக்கா விரலுக்கு எட்டலைன்னு பண்ணதா இது? இல்ல, உங்க காலுக்குப் பழகினதைக் கைக்கும் பண்ணிக்கிட்டீங்களா?"

"மச்சான்..."

"நான் கை கழுவிட்டு வர்றேன். நீங்க இறுக்கினதை நீங்களே லூஸ் பண்ணுங்க."

குழாயடிக்குப் போய்விட்டான். பதில் கேட்க நிற்கவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வாத்தியாருக்கு. நட்டைத் திருப்பினார். லீவர் நுனி லேசாக ஆடியது. பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து இடைவெளியில் வைத்துப் பார்த்தார். சரியாக நுழைந்தது.

மைத்துனன் திரும்பி வந்து உள்ளே பார்த்துக் கூவினான். "அக்கா, வா! வண்டி ரெடி. நீயே சரிவுல ஏத்திப் பாரு!"

அவள் வந்தாள். ஆனால் படியை விட்டு இறங்கவில்லை.

"நான் வேணாம்டா. புதுசு போட்டிருக்கீங்க. திரும்பவும் எரிச்சுடப் போறேன்."

மாடி ஜன்னல் திறந்தது. "என்ன வாத்தியாரே, வண்டிக்கு வைத்தியம் முடிஞ்சுதா? பார்த்து, அரை கிளட்ச் மகாராணி கையில கொடுத்துடாதீங்க!"

அவள் தலை குனிந்தாள். அந்தப் பட்டப்பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொடுத்தவர் யார் என்பதை யாரும் வாத்தியாருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுந்தார். முழங்கை வரை கருப்பு எண்ணெய். மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கொஞ்சம் இருங்க. நீங்களும் கேட்டுக்கோங்க. கிளட்ச்சை எரிச்சது இவ இல்ல. நான்."

"என்ன சொல்றீங்க?"

"கேபிளை டைட் பண்ணது நான். என் பழக்கத்துக்குப் பண்ணேன். இவ கேட்கவே இல்ல. பாலத்துல வச்சுத் திட்டினது, பட்டப்பெயர் வச்சது, காலையில மச்சான்கிட்ட சொன்னது, எல்லாமே பொய். இவ ஒழுங்காத்தான் ஓட்டினா. யாரு ஓட்டியிருந்தாலும் இந்தக் கிளட்ச் எரிஞ்சிருக்கும்."

தையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைத்துனன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஜன்னல் மெதுவாக மூடிக்கொண்டது.

வாத்தியார் உள்ளே போய் ஆணியிலிருந்து அவள் மாட்டிய சாவியை எடுத்து வந்து நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. சாவி கையை விட்டுப் போக வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

அவள் வண்டியைத் தெருவில் இறக்கினாள். கிளப்பினாள். சரிவின் அடியில் ஒரு நொடி நின்றாள். லீவரை விட்டாள். ஒரு துள்ளல் இல்லை, அலறல் இல்லை, பின்னால் வழுக்கிச் சரிவதும் இல்லை. வண்டி நாலடியையும் சட்டென்று ஏறி முற்றத்தில் வந்து நின்றது.

"அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டினான் தம்பி.

உள்ளே போன் அடித்தது. மணி பன்னிரண்டு. தம்பி ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தான். வண்டியில் உட்கார்ந்தபடியே அவள் பேசினாள். "ஆமா சார்... ஓட்டுவேன் சார். நல்லாவே ஓட்டுவேன். நாளைக்குக் காலையில வந்துடறேன்."

தம்பி பெட்டியை அடுக்கப் போனான். முற்றத்தில் அவர்கள் இருவர் மட்டும். வாத்தியார் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேட்கட்டுமா? காலையில உன் தம்பி கேட்டப்போ, நீதான் டைட் பண்ணச் சொன்னேன்னு எதுக்கு ஒத்துக்கிட்ட? என் மானத்தைக் காப்பாத்தவா?"

அவள் லீவரை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தபடி தலையசைத்தாள், இல்லை என்று.

"நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா... நான்தான் கேட்டுட்டு மறந்துட்டேன் போலன்னு நிஜமாவே நினைச்சுட்டேங்க."